கடைமடை வீடு

அப்பாவின் கருமாதி முடிந்த மறுநாள் அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். இரண்டு வேட்டி, தொழிற்சங்க அட்டை, ஒரு டெஸ்டர், அதற்கடியில் ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய பதினொரு 555 புத்தகங்கள். இந்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு 555 என்றால் தெரியும். சட்டைப் பையில் அடங்கும் சின்ன நோட்டு. சாமான் கடையில் கடன் எழுத அதைத்தான் வைத்திருப்பார்கள். அக்கா பதறிப்போனாள். "யாருக்கு எவ்வளவு பாக்கின்னு பாருடா" என்றாள்.

கடன் கணக்கு இல்லை. ஒவ்வொரு வரியிலும் ஒரு தேதி, பக்கத்தில் 7.30, அதற்குப் பிறகு மூன்று எண்கள். பக்கத்தின் தலையில் சி, ம, நீ என்று எழுதியிருந்தார். சிவப்பு, மஞ்சள், நீலம். மின்சார வேலை தெரிந்தவர்களுக்கு அது மூன்று பேஸ்களின் பெயர். ஏறக்குறைய முப்பது வருடம் மின்கம்பிகளோடு வேலை செய்திருந்த எனக்கு அந்தப் பக்கங்களைப் படிக்க ஒரு நிமிடம் போதும். ஒரு பக்கத்தில் மட்டும் நின்றுவிட்டேன். 1981ஆம் ஆண்டின் ஒன்பது இரவுகள்.

எங்கள் தோட்டம் கோலசிலாங்கூருக்கும் பத்தாங் பெர்ஜுந்தைக்கும் நடுவில் இருந்தது. 2007இல் அந்தப் பட்டணத்துக்கு பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். நாங்கள் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறோம். பக்கத்தில்தான் தென்னமரம் தோட்டம். ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917இல் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை அங்கேதான் போட்டார். பிறகு மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930இல் கோன்கூர் பரிசும் வாங்கினார். தோட்டத்தின் பெயர் தமிழ், மரம் ஆப்பிரிக்காவுடையது, முதலாளி பிரான்சு. வேலைக்கு நாங்கள்.

எங்கள் தோட்டத்தில் கரண்டு மாலை 6.30க்கு வரும், இரவு 10 மணிக்குப் போகும். எஞ்சின் கொட்டகையில் டீசல் ஜெனரேட்டரை ஓட்டியவர் அப்பா. அதன் போர்டில் மூன்று ஆம்பியர் மீட்டர்கள் இருந்தன. எல்லா வீட்டிலும் விளக்கு எரியும் 7.30க்கு அவர் மூன்றையும் பார்த்து 555இல் எழுதிக்கொள்வார். அவரிடம் யாரும் கணக்குக் கேட்டதில்லை. "எஞ்சின் எவ்வளவு இழுக்குதுன்னு நமக்குத் தெரிஞ்சிருக்கணும்ல" என்பார்.

கொட்டகையிலிருந்து கிளம்பும் கம்பிகள் முதலில் துரை பங்களாவுக்கும் கிராணிமார் வீடுகளுக்கும் போகும். அடுத்து ஆபீஸ், பால் ஸ்டோர். பிறகு கோயிலைத் தாண்டி லயங்களுக்கு வரும். எட்டு லயங்கள். எட்டாவது லயத்தின் கடைசி வீட்டில் ஒரு பாட்டி தனியாக இருந்தார். தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்து, சின்ன வயதில் ரஜூலா கப்பலில் வந்தவர். அவர் வீட்டு பல்பு பழுத்த பப்பாளி நிறத்தில் எரியும். உள்ளே இருக்கும் இழையைக் கண் கூசாமல் பார்க்கலாம். அந்த வெளிச்சத்தில் அரிசியில் கல் பொறுக்க முடியாமல், விளக்கிருந்தும் வாசலில் மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"ஊர்லயும் எங்களுக்குக் கடைமடைதான் சாமி" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். "மேல இருக்கிறவன் வயல் ரொம்பி வழிஞ்சாத்தான் நம்ம வாய்க்கா நனையும். இங்க கரண்டும் அப்படித்தான் வருது."

மின்னியலைப் பற்றி நான் பிறகு படித்த பல புத்தகங்களைவிட அவர் சொன்னது சரியாக இருந்தது. கம்பி என்பது ஓசியில் கரண்டைக் கொண்டுபோகாது. போகிற வழியில் கொஞ்சத்தைச் சூடாக்கித் தின்றுவிடும். கடைசி வீட்டுக்கு வரும்போது வோல்டேஜ் இறங்கிப்போயிருக்கும். இதில் ஒரு கொடுமையான கணக்கு இருக்கிறது. கம்பியில் ஓடும் ஆம்பியர் இரண்டு மடங்கானால் சூடாகி வீணாவது இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு.

அதனால் ஒரே கம்பியில் கூட்டம் சேர்ப்பதுதான் பெரிய நஷ்டம். ஒரே மாதிரியான இரண்டு கம்பிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் 10 ஆம்பியர், இன்னொன்றில் 2. வீணாவதை 10ஐ 10ஆலும் 2ஐ 2ஆலும் பெருக்கிக் கூட்டிப் பார்க்கலாம்: 104. அதே 12 ஆம்பியரை ஆறு ஆறாகப் பிரித்துவிட்டால் 36ம் 36ம் சேர்ந்து 72. எரிகிற பல்புகள் அதேதான். கம்பியும் அதேதான். யார் எந்தக் கம்பியில் என்பதை மட்டும் மாற்றினோம். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக நஷ்டம் மிச்சம்.

அப்பாவுக்கு இந்தப் பெருக்கல் தெரியாது. ஆனால் சிவப்பு மீட்டர் எப்போதும் உயரத்தில் நிற்பது தெரியும். லயங்களுக்கு முதலில் கம்பி இழுத்தவர், கம்பத்தில் கைக்கு எட்டிய சிவப்பிலேயே எட்டு லயத்தையும் மாட்டிவிட்டுப் போயிருந்தார். மஞ்சளில் ஆபீஸும் ஸ்டோரும். நீலத்தில் பங்களாவும் கிராணிமார் வீடுகளும். 555 புத்தகத்தில் அந்த வருடம் முழுக்க ஏறத்தாழ இதே எண்கள்: சி 42, ம 18, நீ 15.

நான் அப்போது எஸ்.ஆர்.பி. தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை எஞ்சின் ஓடாத பகல் நேரத்தில் அப்பா ஏணியைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் இருந்த கம்பத்துக்குப் போனார். ஏணியைப் பிடித்துக்கொள்ள நானும் போனேன். கடைசி மூன்று லயங்களைச் சிவப்பிலிருந்து எடுத்து நீலத்தில் மாட்டினார். யாரிடமும் கேட்கவில்லை. புதிதாக ஒரு அடி கம்பிகூட வாங்கவில்லை. இறங்கி வந்து, "சாயங்காலம் பாரு" என்றார்.

அன்றைய வரி: சி 28, ம 18, நீ 29.

பெட்டியைத் திறந்த அன்று அதை நான் பெருக்கிப் பார்த்தேன். முன்பு 2,313. பிறகு 1,949. ஆறில் ஒரு பங்கை நெருங்கும் மிச்சம். நியூட்ரல் கம்பியின் கணக்கைச் சேர்த்தால் இன்னும் கூடும். ஆனால் 1981இல் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் பாட்டி வீட்டு பல்பு வெள்ளையாக எரிந்தது என்பதுதான். பாட்டி வாசலில் இருந்த மண்ணெண்ணெய் விளக்கை ஊதி அணைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார். அடுத்த நாள் ஊசியில் நூல் கோத்ததை லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஒன்பது இரவுகள். பத்தாம் நாள் பெரிய கிராணி அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் வீட்டு டிவியில் படம் ஓரங்களில் சுருங்குகிறதாம். அந்தக் காலத்து டிவியில் வோல்டேஜ் குறைந்தால் அப்படி ஆகும், பொய் என்று சொல்ல முடியாது. நாலைந்து வோல்ட் இறங்கியிருக்கலாம். பாட்டி வீட்டில் அதைப்போலப் பல மடங்கு ஏறியிருந்தது. ஆனால் பாட்டியிடம் டிவி இல்லை. ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டு சொல்லவும் அவரால் முடியாது.

"யார்கிட்ட கேட்டு மாத்தின?" என்பதுதான் கேள்வி. அப்பா திரும்பவும் ஏணியைத் தூக்கினார். இந்த முறை என்னைக் கூப்பிடவில்லை. அன்று சாயங்காலம் பாட்டி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். "என்னாப்பா, கரண்ட பிடுங்கிட்டாங்களா?" அப்பா அவர் முகத்தைப் பார்க்காமல், "கம்பி பழசு பாட்டி, தாங்கல" என்றார். என் அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. புத்தகத்தில் பத்தாம் நாள் வரியில் எண்களுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு சொல் இருக்கிறது: பழையபடி.

அடுத்த ஞாயிறு என்னைக் கம்போங் குவாந்தானுக்கு மின்மினி பார்க்கக் கூட்டிப்போனார். சிலாங்கூர் ஆற்றில் சம்பானில் போனோம். கரையோரத்து பெரெம்பாங் மரங்களில் பூச்சிகள் ஒரே தாளத்தில் மின்னி மின்னி அணைந்தன. அப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "இதுக்கு வயரும் இல்ல, சூடும் இல்ல. கடைசி மரத்துக்கும் அதே வெளிச்சம் பாரு" என்றார்.

அதன்பின் சில வருடங்களில் தோட்டத்துக்கு வெளிக்கரண்டு வந்தது. எஞ்சின் கொட்டகையைப் பூட்டினார்கள். தெற்கே காப்பார் கடற்கரையில், நாட்டின் மிகப்பெரிய மின்நிலையங்களில் ஒன்று எழுந்துகொண்டிருந்த காலம் அது. ஜெராம் பக்கம் போனால் அதன் புகைபோக்கிகளைப் பார்க்கலாம். ஆனால் எங்கள் தோட்டத்துக்கு வந்த கரண்டு நேராக வீடுகளுக்கு வரவில்லை. தோட்டத்து முகப்பில் ஒரே ஒரு பெரிய மீட்டர். அதுவரை மின்வாரியம். அதற்குப் பின்னால் தோட்ட நிர்வாகத்தின் சொந்தக் கம்பிகள். அதாவது அதே பழைய கம்பங்கள், அதே சிவப்பு பேஸ்.

நான் 1989இல் மின்வேலைகளைக் குத்தகைக்கு எடுத்துச் செய்யும் ஒரு சிறு நிறுவனத்தில் சேர்ந்து, பிறகு சார்ஜ்மேன் சான்றிதழும் எடுத்தேன். அங்கேதான் அப்பா ஏணியில் ஏறிச் செய்த காரியத்துக்கு ஒரு பெரிய அண்ணன் இருப்பது தெரிந்தது.

வீட்டுக்கு வரும் கரண்டுக்கு முன்னால் 11,000 வோல்ட் பீடர்கள் இருக்கின்றன. ஒரு பீடர் கோலசிலாங்கூர் பக்கமிருந்து வரும், இன்னொன்று பத்தாங் பெர்ஜுந்தை பக்கமிருந்து வரும். செம்பனைக்கு நடுவில் ஏதாவது ஒரு பெஞ்சாவாங்கில், அதாவது துணைமின் நிலையத்தில், இரண்டும் சந்திக்கும். கட்டும்போது வளையமாகவே கட்டுகிறார்கள். ஓட்டும்போது அந்த வளையத்தை ஓரிடத்தில் திறந்து வைத்திருப்பார்கள். எங்காவது பழுது வந்தால் எந்தப் பக்கம் என்று உடனே கண்டுபிடிக்கவும், மற்றவர்களுக்கு மறுபக்கத்திலிருந்து கரண்டு கொடுக்கவும்தான் இந்த ஏற்பாடு. திறந்து வைத்திருக்கும் சுவிட்சுக்கு என்.ஓ.பி. என்று பெயர். எப்போதும் அணைந்திருக்கும் இடம். அந்த சுவிட்சுக்கு இரண்டு பக்கமும் இருப்பவர்கள்தான் அந்தந்த பீடரின் கடைமடை.

முதன்முதலில் ஒரு என்.ஓ.பி.யை மாற்றியபோது நான் கூட நின்றேன். ஆர்டர் வந்ததும் மூடியிருந்த புதிய இடத்தைச் சரிபார்த்தோம். திறந்திருந்த சுவிட்சை முதலில் மூடி, சில நிமிடங்கள் இரண்டு பீடரும் கைகோத்திருக்க, பிறகு இரண்டு பெஞ்சாவாங் தள்ளி இன்னொரு சுவிட்சைத் திறந்தோம். பூட்டை இங்கிருந்து கழற்றி அங்கே மாட்டினோம். எந்த வீட்டிலும் விளக்கு இமைக்கவில்லை. கனமான பீடரின் ஆம்பியர் இறங்கியது, லேசான பீடர் கொஞ்சம் ஏறியது. அவ்வளவுதான். தரையில் ஒரு குழி தோண்டவில்லை.

எனக்கு அன்று உடம்பு சிலிர்த்தது. கடைசி என்பது கம்பி முடிகிற இடம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கம்பி அங்கே முடியவில்லை. யாரோ ஒருவர் என்றோ ஒருநாள் ஒரு பூட்டை மாட்டியிருக்கிறார். அவருக்கு அன்று தெரிந்த ஊர் எதுவோ அதற்கேற்ப மாட்டியிருக்கிறார். அதன்பின் லயங்கள் காலியாகியிருக்கும், புக்கிட் ரோத்தானிலும் ஈஜோக்கிலும் புது தாமான்கள் முளைத்திருக்கும், செம்பனையாக இருந்த இடத்தில் புஞ்சாக் அலாம் என்று ஒரு பட்டணமே வந்திருக்கும். பூட்டு மட்டும் பழைய ஊரை நினைத்துக்கொண்டு பழைய இடத்திலேயே தொங்கும்.

இதைப் பற்றி உலகத்தில் பெரிய ஆராய்ச்சியே நடந்திருப்பதை ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டேன். 1975இல் மெர்லின், பாக் என்ற இரண்டு பிரெஞ்சுப் பொறியாளர்கள் ஒரு வழி சொன்னார்கள். முதலில் எல்லா சுவிட்சுகளையும் மூடியதாக வைத்துக் கணக்குப் போடு. கரண்டு தன் போக்கில் ஓடட்டும். எந்த இடத்தில் மிகக் குறைவாக ஓடுகிறதோ அங்கே திற. இப்படி ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே வந்தால், வளையங்கள் எல்லாம் மரமாகும்வரை போகலாம். 1989இல் பாரன், வூ என்ற இருவர் எழுதிய கட்டுரையில் வரும் 33 முனை வலையைத்தான் இன்றும் மாணவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அதில் ஐந்து இணைப்பு சுவிட்சுகள். எதைத் திறப்பது, எதை மூடுவது என்று எண்ணினால் 50,751 வழிகள் வருகின்றன. சரியான வழியைக் கண்டுபிடித்தால் கம்பியில் வீணாவது சுமார் 203 கிலோவாட்டிலிருந்து 140க்கு இறங்குகிறது.

வகுப்பில் எல்லாரும் அந்த 203ஐயும் 140ஐயும் எழுதிக்கொண்டார்கள். நான் பக்கத்தில் இருந்த இன்னொரு எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மிகத் தாழ்ந்த முனையின் வோல்டேஜ் 91.3 விழுக்காட்டிலிருந்து 93.8க்கு ஏறியிருந்தது. மொத்த நஷ்டத்தைக் குறைக்கத்தான் கணக்குப் போட்டார்கள். கடைசி வீட்டுக்காக யாரும் போடவில்லை. ஆனாலும் அதன் விளக்கும் பிரகாசமாகிவிட்டது. கூட்டத்தைப் பிரித்துவிட்டால் சிக்கனமும் நியாயமும் சில நேரம் ஒரே திசையில் போகின்றன. எப்போதும் அல்ல. முன்பு முதல் வரிசையில் இருந்த யாரோ ஒருவர் இப்போது கொஞ்சம் தள்ளிப்போயிருப்பார். அவர் வீட்டு டிவி சுருங்கலாம். அவர் பெரிய கிராணியாக இருந்துவிட்டால் கணக்கு செல்லாது.

இதையெல்லாம் இவ்வளவு தெளிவாகச் சொல்கிற நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

1996இல் எங்கள் தோட்டத்திலிருந்தே புகார் வந்தது. லயங்களில் காற்றாடி சுற்றவில்லை, குளிர்பெட்டி கெட்டுப்போகிறது. இன்னும் இரண்டு பேரோடு நானும் போனேன். முகப்பு மீட்டரில் அளந்தோம். 238 வோல்ட். குறையே இல்லை. பெண்கள் கூட்டமாக வந்து நின்றார்கள். பாதிப் பேர் எனக்கு அத்தை, சின்னம்மா முறை. அவர்களிடம் நான் சட்டையில் கம்பெனிப் பெயரோடு நின்று சொன்னேன்: "மீட்டருக்கு அந்தப் பக்கம் எங்க வேலை இல்ல. தோட்டத்து ஆபீஸ்ல சொல்லுங்க." நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. விதி அப்படித்தான்.

கூட்டத்தில் அப்பாவும் நின்றுகொண்டிருந்ததை வேனில் ஏறும்போதுதான் கவனித்தேன்.

அந்த வாரக் கடைசியில் வீட்டுக்குப் போனபோது சாப்பாட்டில் கை வைத்துக்கொண்டே கேட்டார். "மீட்டர்ல எவ்வளவு காட்டுச்சு?"

"238 ப்பா."

"கடைசி வீட்ல?"

"அளக்கல."

அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. ரசத்தை ஊற்றிக்கொண்டார். பாட்டி போய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன. அந்த வீட்டில் கைக்குழந்தையோடு வேறொரு குடும்பம் இருந்தது. லயம் கால் மைல் தூரம்கூட இருக்காது. என் இடுப்பிலேயே மீட்டர் தொங்கியது. போய் அளந்திருக்கலாம். அளந்து ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் ஆபீஸில் வைத்துச் சண்டை போட அவர்களுக்கு ஒரு எண்ணாவது இருந்திருக்கும். அளந்தால் தெரிந்துவிடும் என்றுதான் நான் அளக்கவில்லை.

அதே வருடம் ஆகஸ்ட் 3ஆம் தேதி, சனிக்கிழமை சாயங்காலம், திரெங்கானுவின் பாக்கா பக்கத்து லைனில் ஏற்பட்ட கோளாறால் தீபகற்பம் முழுவதும் இருண்டது. கோலாலம்பூரே மெழுகுவர்த்தி தேடியது. அப்பா லயத்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "இன்னிக்குத்தான்டா எல்லாருக்கும் ஒரே அளவா கொடுத்திருக்கான்" என்று சிரித்தாராம். அக்கா சொன்னாள்.

தோட்டம் பிறகு கைமாறியது. லயங்களை இடித்தார்கள். எங்கள் ஆட்கள் பத்தாங் பெர்ஜுந்தையிலும் கோலசிலாங்கூரிலும் கிடைத்த வீடுகளுக்குப் போனார்கள். எட்டாவது லயம் இருந்த இடத்தில் இப்போது செம்பனை. கோயில் மட்டும் இருக்கிறது. இப்போதெல்லாம் பெஞ்சாவாங்குகளில் தூரத்திலிருந்தே சுவிட்சுகளைத் திறக்கவும் மூடவும் வசதி வந்துகொண்டிருக்கிறது. 50,751 வழிகளைக் கணினி கண் இமைக்கும் நேரத்தில் பார்த்துவிடும். நல்லதுதான். அந்தக் கணினியிடம் என்ன கேட்பது என்பதை இன்னும் ஆட்கள்தான் முடிவு செய்கிறார்கள். மொத்தம் எவ்வளவு மிச்சம் என்று கேட்டால் அதைச் சொல்லும். கடைசி வீட்டில் எவ்வளவு என்று கேட்டால் அதையும் சொல்லும். கேட்கத்தான் வேண்டும்.

போன வருடம் ஆடித் திருவிழாவுக்குக் கோயிலில் லைட் கட்டும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். வாடகை ஜெனரேட்டர். மூன்று பேஸுக்கும் விளக்குகளைப் பிரித்துக் கட்டினேன். 7.30க்குக் கிளாம்ப் மீட்டரை எடுத்துக்கொண்டு பழைய எட்டாவது லயம் இருந்த பக்கம், சரம் முடிகிற கடைசிக் கம்பத்துக்குப் போனேன். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த பையனுக்கு இருபது வயது இருக்கும். எங்கள் தோட்டத்தாரின் பேரன்.

"ஏன் அங்கள், மத்தவங்கள்லாம் ஜெனரேட்டர்கிட்ட இருந்துதான் செக் பண்ணிட்டு வருவாங்க, நீங்க கடைசியில இருந்து ஆரம்பிக்கிறீங்க?"

"இங்க சரியா இருந்தா அங்க சரியாத்தான் இருக்கும்" என்றேன்.

226 காட்டியது. சட்டைப் பையில் புதிதாக வாங்கி வைத்திருந்த 555ஐ எடுத்து எழுதிக்கொண்டேன்.